பழி யார்மேல் விழும்?

தேக ஆரோக்கியம் தன் முயற்சியால் அமைவதா, வைத்தியரின் சாமர்த்தியத்தால் அமைவதா, அன்றி வெறும் தற்செயலா என்று ஒரு மனிதன் எவ்வாறு கருதுகிறான் என்பதைக் கணக்கிட்டு அறியலாம் என்ற எண்ணம் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களிடையே வேரூன்றி, 1976-ல் 11 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளாக வடிவெடுத்தது. தன்னை நம்பாதவன் புறத்தை நம்புகிறான் என்று எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திய அந்த ஏற்பாட்டில் வைத்தியரை நம்புகிறவனும் விதியை நம்புகிறவனும் ஒன்றாகிவிட்டபடியால், 1978-ல் அதைத் திருத்தி, தன் முயற்சி, வல்லமையுள்ள பிறர், தற்செயல் என மூன்று பிரிவுகளாக்கி, பிரிவுக்கு 6 வாக்கியங்கள் வகுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஆகவே ஒரு பிரிவில் 36-க்கு மேல் போக முடியாது. மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக்கலாகாது என்பது விதி, விவேகமான விதிதான்.

ஆயினும், நோய்வாய்ப்பட்டால் குற்றம் என்னுடையதே என்ற பொருளில் அமைந்த வாக்கியத்தை முழுமனதாக ஒப்புக்கொள்கிறவனுக்குத் தன்முயற்சிப் பிரிவில் மதிப்பெண் ஏறுகிறதே, அதுதான் என் மனத்தை உறுத்துகிறது. சம்பளத்தோடு விடுப்பு எடுக்க வழியின்றி, இன்ஷூரன்ஸும் இன்றி, இரவு ஷிப்டில் உழைக்கும் ஓர் அமெரிக்கத் தொழிலாளி, "என் உடம்பு என் வசத்தில் இல்லை" என்று விடை எழுதினால், அது மனத்தின் பலவீனமா, அல்லது தன் நிலைமையைத் தெளிவாக அறிந்தவளின் வாக்குமூலமா? வல்லமையுள்ள பிறர் என்ற பிரிவில் வைத்தியர் வருகிறார், குடும்பத்தார் வருகிறார்கள்; முதலாளியும் வீட்டுச் சொந்தக்காரரும் அந்த 18 வாக்கியங்களில் எங்குமே இல்லை. ஏற்கெனவே நோயுற்றோருக்காக 1994-ல் வந்த வடிவத்தில் வைத்தியருக்கு 3, மற்றவர்களுக்கு 3 என்று பிரித்தார்கள். 1999-ல் கடவுளுக்கும் தனியே 6 வாக்கியங்கள் கிடைத்தன. கடவுளையே வினாத்தாளில் ஏற்றியவர்களுக்குக் கூலி தருகிறவன் நினைவுக்கு வராதது விநோதந்தான்!

இது ஆராய்ச்சிக் கருவியேயன்றித் தனிமனிதர் மேல் தீர்ப்புக் கூறுவதன்று என்று இதனை ஆதரிப்போர் சொல்வார்கள்; சொல்லட்டும். நோயாளியின் கோப்பில் ஓர் எண் ஏறிவிட்டபின் அதைத் தீர்ப்பாக வாசிக்க அவசரப்படும் கண்களுக்குப் பஞ்சமிராது. மதிப்பெண் குறைந்தவளுக்குத் தன்னம்பிக்கை போதிக்க வகுப்பு ஏற்பாடாகுமேயொழிய, அவளுடைய இரவு ஷிப்டை மாற்ற யாரும் புறப்படப் போவதில்லை.