காரின் குளிர்சாதனம் வெப்பக் காற்றை வீசுவது ஏன்?

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில் காருக்குக் குளிர்சாதனம் எதற்கு என்று கேட்போர் ஒரு காலத்தில் இருந்தனர். 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. இன்று அக்கேள்விக்கு இடமில்லை. கோடை விடுமுறையில் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊர் செல்லும் நம்மவர்க்கு, வேலூரை நெருங்கும்போது குளிர்சாதனம் கைவிட்டால் அது வெறும் வசதிக் குறைவன்று, உடல்நலத்திற்கே ஊறு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போர்க்கோ அன்றைய வருவாயே போய்விடும்.

அவ்வேளையில் பலரும் பட்டறைக்குச் சென்று, "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிக் கொடுங்கள்" என்கின்றனர். பெட்ரோல் எரிந்து தீரும். கேஸ் அவ்வாறு தீர்வதன்று. இதனை உணர்ந்தால் வீண் செலவு பெரும்பாலும் நீங்கும்.

குளிர்சாதனம் குளிரைப் படைப்பதில்லை. காரினுள் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வெப்பத்தைச் சுமப்பதே கேஸ். இன்று ஓடும் கார்கள் பலவற்றில் உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சினால் சுழலும் கம்பிரஸர் அதனை அழுத்திச் சூடேற்றுகிறது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர்க் குறுகிய வால்வு வழியே புகுந்து அழுத்தம் குறைந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. மீண்டும் கம்பிரஸரை அடைகிறது. இஃது ஒரு மூடிய சுற்று. ரப்பர்க் குழாய்கள் வழியே ஆண்டுகள் பல செல்லச் சிறிதளவு குறைவது இயல்பே. ஆனால் சென்ற கோடையில் நிரப்பிய கேஸ் இந்தக் கோடையில் இல்லையெனில், எங்கோ கசிவு உண்டு என்பது உறுதி.

பட்டறைக்குச் செல்லுமுன் நாமே சிலவற்றைச் சோதிக்கலாம். முதலாவதாக, காற்று போதிய வேகத்துடன் வருகிறதா? காற்றே மெலிந்து வந்தால், உள்ளிருக்கும் வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாம். அதனை மாற்றுவது எளிது.

இரண்டாவதாக, ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் கம்பிரஸரின் கிளட்ச் "டக்" என்று பற்றும் ஒலி கேட்கிறதா? கேட்கவில்லையெனில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். பியூஸ் மறுபடியும் எரிந்தால் பெரிய பியூஸைப் போடாதீர்கள். கம்பிகள் தீப்பற்றக் கூடும். கேஸ் மிகக் குறைந்தாலும் அழுத்த ஸ்விட்சு கம்பிரஸரை ஓடவொட்டாமல் தடுத்துக் காக்கும். கிளட்ச் இல்லாத கம்பிரஸர் பொருத்திய புதுக் கார்களில் இச்சோதனை உதவாது.

மூன்றாவது சோதனை பெங்களூர்வாசிகளுக்கு மிக உரியது. கார் ஓடும்போது குளிர்ச்சியும், சில்க் போர்டு சந்திப்பு போன்ற நெரிசலில் நின்றதும் வெப்பமும் வருகின்றனவா? அப்படியாயின் குறை பெரும்பாலும் கேஸில் இல்லை. கண்டென்சரின் மின்விசிறி சுழலாமல் இருக்கலாம். அல்லது தகடுகளில் புழுதியும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். கார் ஓடும்போது வீசும் எதிர்க்காற்று அக்குறையை மறைத்துவிடுகிறது. பானட்டைத் திறந்து நோக்குகையில் விசிறி திடீரெனச் சுழலும். கையை அருகில் கொண்டுசெல்லற்க.

இவை யாவும் சரியாக இருந்தும் குளிர்ச்சி வாராதெனில் பட்டறையை நாடுவதே முறை. குழாயை நாமே கழற்றுவது கூடாது. பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறையச் செய்துவிடும். பட்டறையில் அளவுமானிகள் இரண்டைப் பொருத்துவர். இரு பக்கமும் அழுத்தம் குறைவாயின் கேஸ் குறைந்துள்ளது. தாழ்பக்கம் மிகுந்து உயர்பக்கம் குறைந்தால் கம்பிரஸர் நலிந்துள்ளது எனலாம்.

கசிவு உள்ள இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். நைட்ரஜனை அழுத்திச் செலுத்தியோ, சாயம் கலந்து புறஊதா விளக்கில் நோக்கியோ அதனைக் கண்டறிவர். பல வேளைகளில் குற்றவாளி ஒரு சிறு ரப்பர் வளையமே. அதனை மாற்றியபின், வெற்றிடப் பம்பினால் சுற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அரைமணி நேரமேனும் உறிஞ்சி எடுக்கவேண்டும். வெற்றிடம் நிலைத்து நின்றால்தான் கசிவு அடைபட்டது என்று பொருள். பின்பு பானட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த கிராம் அளவுப்படி, அங்கே குறித்த கேஸையே நிறுத்து நிரப்பவேண்டும். மிகுதியும் தீங்கே.

மலிவாகக் கிடைக்கிறதென்று சமையல் வாயுவை நிரப்ப இசையாதீர்கள், அது தீப்பற்றும். கசிவை அடைக்காமல் நிரப்பும் கேஸ் நம் பணத்தோடு வானையும் கெடுக்கிறது. ஆர்-134ஏ, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது.

ஆகவே, பட்டறையில் முதற்சொல் "நிரப்புங்கள்" என்பதாக இருத்தல் வேண்டா. "கேஸ் எல்லி சோருத்தா இதே?" என்று கன்னடத்திலேயே கேளுங்கள். கண்ணீர் சோர்தல் என்னும் நம் வழக்கில் உள்ள அதே சொல்தான் அது. கசியும் இடத்தைக் காட்டி, வெற்றிடம் நிலைத்ததையும் மானியில் காட்டுபவரிடம் காரை நம்பி ஒப்படைக்கலாம்.