யார் சொல் எடுபடுகிறது?

மன்னராட்சிக் காலத்தில், கேரளத்தின் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரே கொலைக்கு இரண்டு நீதி இருந்தது. மற்ற சாதியாருக்குத் தூக்கு. பிராமணருக்கு அதிலிருந்து விலக்கு. புலையரும் பறையரும் நீதிமன்றப் படியே ஏற முடியாத நிலை. அதனால்தான் புலையர் சமூகத் தலைவர் அய்யன்காளி, திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் சமுதாய நீதிமன்றம் ஒன்றையே நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய சாது ஜன பரிபாலன சங்கம் அதை நடத்தியது.

இன்று சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஆனால் அந்தச் சட்டம் ஏழையைச் சந்திக்கும் முதல் இடம் காவல் நிலையம். அங்கே என்ன நடக்கிறது?

2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில், வீட்டு வேலை செய்யும் தலித் பெண் ஒருவர் மீது தங்கச் சங்கிலியைத் திருடியதாகப் புகார். இரவு முழுக்க நிலையத்திலேயே வைத்து விசாரித்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் கழிவறையைக் கைகாட்டினார்கள் என்கிறார் அவர். கடைசியில் பார்த்தால், நகை அந்த வீட்டிலேயே இருந்தது! செய்தி வெளியான பிறகுதான் உதவி ஆய்வாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

கேரளத்தின் எதிர்க்கட்சி அரசைச் சாடியது. அரசு இடைநீக்கத்தைச் சுட்டிக்காட்டியது. இரண்டு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்காரர் சொன்னது உடனே உண்மையானதும், வேலைக்காரப் பெண் சொன்னது பொய்யானதும் எப்படி?

இது ஒரு நிலையத்தோடு முடிகிற கதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், சிறைகளிலோ சுமார் ஐந்தில் ஒருவர். 2018க்குப் பின் நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பொதுப் பிரிவினர். சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான்.

ஆட்சியில் இல்லாதபோது மட்டும் பாகுபாட்டைப் பேசும் அரசியல் இதைத் தீர்க்காது. காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பை ஒழுங்காக நிறைவேற்றி, பாதிக்கப்பட்டவர் கேட்டவுடன் பதிவைக் கொடுக்கும் அரசுதான் தீர்க்கும்.

நாமும் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கு. அதற்கும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். கைதை உறவினருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.