உட்கார இடம் கேளுங்கள், பெல்ட் வாங்காதீர்கள்

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் எதுவானாலும், இடுப்பு வலி வந்த ஊழியர்கள் போகிற பாதை ஒன்றுதான். முதலில் தைலம். அடுத்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை. பிறகு இடுப்புக்கு ஒரு பெல்ட். அதிலும் தீராவிட்டால் கடன் வாங்கி ஸ்கேன். வலி வராமல் தடுக்க பெல்ட் உதவும் என்பதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். இடுப்பு வலியில் சுமார் 90 சதவீதம் குறிப்பிட்ட நோய்க் காரணம் சொல்ல முடியாத வகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வலிக்கு ஸ்கேனில் பதில் தேடுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும்வரை நிற்கவைக்கும் வேலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் செலவு செய்கிறோம்.

‘உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியருக்கும்தானே முதுகு வலிக்கிறது, நிற்பதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?’ என்று முதலாளிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் அவர்களுக்குச் சாதகமானதல்ல. ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருந்தால், நின்றாலும் உட்கார்ந்தாலும், முதுகுத் தசைகள் ஓய்வின்றி இறுகிச் சோர்ந்துபோகின்றன. நிற்பவர்களுக்குக் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் கூடுதல் தண்டனை. நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தடுப்பு. ஐ.டி. ஊழியர் நினைத்த நேரத்தில் எழுந்து நடக்கலாம். கவுன்ட்டரில் நிற்கும் பெண், வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத மதிய வேளையிலும், தலைக்கு மேலே கேமரா இருப்பதால் உட்கார முடியாது.

இப்படி உட்கார விடாததைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடியதால் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். குடோனில் நான்கு ஸ்டூல் அடுக்கிவைத்துவிட்டு ‘இருக்கை இருக்கிறது’ என்பது சட்டத்தை ஏமாற்றும் வேலை. ‘உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு’ என்பதும் சாக்குதான். வங்கியில் உட்கார்ந்தபடி பணம் தருபவரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அதே சட்டப்படி, ஒரு மணி நேர இடைவேளை தராமல் கடை ஊழியரை 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

சட்டம் வந்த பிறகும் நிலைமை மாறவில்லையென்றால் பழி ஆய்வுக்குப் போகும் அதிகாரிகளுக்கும் உண்டு. எடை தராசு முத்திரையைப் பார்க்கிறவர்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அவர்களாகப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவைக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். காவல் நிலையத்துக்கோ நகராட்சிக்கோ போய் அலைய வேண்டாம். மனுவில் கடையின் பெயர், கதவு எண், தெரு, எந்தத் தளம், அங்கே சுமார் எத்தனை பேர், வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடைவேளை எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ‘பிரிவு 22-ஏ-இன்படி இருக்கை வசதி இல்லை, நேரில் ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரையோ ரசீதோ இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொரு நகலைக் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம். ஒரு மாதம் அசைவில்லையென்றால், அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, 22-ஏ பிரிவில் இந்த ஆண்டு எத்தனை கடைகளை ஆய்வு செய்தீர்கள், எத்தனை வழக்கு? 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மரியாதை வெறும் மனுவுக்குக் கிடைப்பதில்லை.

‘மனு போட்டால் வேலை போய்விடும்’ என்ற பயம் பொய்யல்ல. அதனால்தான் ஊழியரே கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறேன். தொழிற்சங்கம் எழுதலாம், புடவை எடுக்கப் போன வாடிக்கையாளர் எழுதலாம்.

வலி ஏற்கெனவே வந்துவிட்டதா? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த மருந்தகத்துக்கே போங்கள். மருத்துவர் விடுப்புச் சான்று தந்தால், சந்தா நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாள்கள், நோய்க்காலப் பணம் உண்டு. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டாம். நடமாட்டமும் பயிற்சியும்தான் சாதாரண இடுப்பு வலிக்கு மருந்து. ஆனால் கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுபடியும் சொல்கிறேன், அன்றே. மற்றவர்கள் பெல்ட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் இந்த வாரமே மனுவைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.