சுடுவிளையாட்டிற் கதைச்சுவை

சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று இளைஞர் சொற்போரில் ஈடுபட்டிருந்தனர். ஒருவன் என் மகன். மற்றை இருவரும் அவனோடு பல்கலைக்கழகத்திற் பயில்பவர். “இரண்டாவதுதான் திறம்” என்றான் ஒருவன். “முதலாவதை விஞ்ச ஒன்றுமில்லை” என்றான் மற்றவன். காண்டங்களை ஒப்புநோக்குகின்றனர் போலும் என மகிழ்ந்து அருகிற் சென்றேன். அவர்கள் ஒப்புநோக்கியது ‘கோல் ஒவ் டியூட்டி’ என்னும் கணினிச் சுடுவிளையாட்டின் கதைகளை! யான் திரும்ப எத்தனித்தபோது, “ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ” என்று வழிமறித்தனர். கற்றறியாத பொருளிலே தீர்ப்புக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே ஆறு வாரத் தவணை கேட்டேன்.

அவ்வாறு வாரமும் இரவு உணவின் பின் மகன் ஆட, அருகிருந்து கண்டேன். சில இடங்களில் யானே கருவியைக் கையிலேந்திப் பத்தடி செல்லுமுன் மாண்டேன். அதனால் விளைந்த அறிவையே ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்விளையாட்டு 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றியது. 2005 முதல் ஆண்டுக்கொன்றாக வெளிவருகின்றது. இணையத்தின் வழியே பலர் கூடித் தம்முட் பொருதல் ஒரு பகுதி. ஒருவன் தனித்திருந்து ஐந்தாறு மணி நேரத்தில் ஆடி முடிக்கும் கதை மற்றொரு பகுதி. விற்பனைக்கு முன்னையதே பெருந்துணை. 2018இல் வந்த ‘பிளாக் ஒப்ஸ் 4’ கதைப்பகுதியே இன்றி வந்தது. கதை இல்லாததற்கு நம் வரிசையில் இடமில்லை.

முதல் விளையாட்டின் கதை இரண்டாம் உலகப் போரைச் சார்ந்தது. அமெரிக்கன், ஆங்கிலேயன், சோவியத் வீரன் எனும் மூவர் வழியாக நடப்பது. அதில் ஒரு காட்சி மறத்தற்கரியது. வொல்கா ஆற்றைக் கடந்து ஸ்டாலின்கிராட் கரையை அடைந்த வீரனுக்குத் துப்பாக்கி கிடையாது. ஐந்து குண்டுகள் மட்டும் கொடுக்கப்படுகின்றன. பக்கத்திலுள்ளவன் துப்பாக்கியைப் பெறுகின்றான். சுடுவதற்கென்றே அமைந்த ஓர் ஆட்டத்திலே சுடக் கருவியில்லாமல் ஓடச் செய்தவன் கதை சொல்லத் தெரிந்தவனே. ஆயினும் எஞ்சிய பகுதிகள் தனித்தனி வீரச் செயல்களின் தொகுப்பாய் நின்றுவிடுகின்றன. இதற்கு ஐந்தாம் இடம்.

நான்காம் இடத்தை ‘இன்ஃபினிற் வோர்ஃபெயார்’ என்பதற்கு அளித்தபோது இளைஞர் மூவரும் நகைத்தனர். 2016இல் இதன் முன்னோட்டப் படம் வெளிவந்தபோது இலட்சக்கணக்கானோர் யூடியூப்பில் வெறுப்பைத் தெரிவித்தனர் என்பதையும் எடுத்துக் காட்டினர். விண்வெளிப் போர் எனக்கும் உவப்பானதன்று. ஆனால் ரேயெஸ் என்னும் தலைவனை நோக்குக. தன் கீழுள்ளவரைச் சாவுக்கு அனுப்ப மனமொப்பாதவன் அவன். சூழ்நிலையோ அவனைக் கப்பற்றலைவன் ஆக்கிவிடுகின்றது. முடிவிலே வெற்றியுண்டு, உடன் சென்றவர் ஏறத்தாழ ஒருவரும் மீளவில்லை. ஆக்கியோர் பெயர்கள் திரையில் ஓடுகையில், இறந்தோர் தம் வீட்டார்க்கு விட்டுச் சென்ற இறுதிச் செய்திகள் அவர்தம் குரலிலேயே ஒலிக்கின்றன. வெற்றிக்குப் பின் கையறுநிலையை வைத்தல் பழம்புலவர் அறிந்த முறை. பெயர்ப் பட்டியல் என்று எழுந்து போகும் ஆட்டக்காரர் இதனை இழந்துவிடுகின்றனர்.

மூன்றாமிடம் 2010இல் வந்த ‘பிளாக் ஒப்ஸ்’. 1968ஆம் ஆண்டு, ஓர் இருட்டறையில் நாற்காலியிற் பிணிக்கப்பட்ட மேசன் என்பவனை முகங்காட்டாதோர் வினவுகின்றனர். அவன் நினைவுகளே கதை. கியூபா, வியட்நாம், சோவியத் நாட்டு வொர்க்குட்டாச் சிறை என அந்நினைவுகள் விரிகின்றன. சிறையில் அவனுக்கு உயிர்த்தோழனாகும் ரெஸ்னோவ் என்பான் பின்னர்ப் பல களங்களிலும் அவனருகே தோன்றுகின்றான். ஈற்றயலில் உண்மை வெளிப்படுகின்றது: ரெஸ்னோவ் 1963இலேயே சிறையுடைப்பில் இறந்துவிட்டான், பின்னர்க் கண்டதெல்லாம் மேசனின் கலங்கிய உள்ளம் புனைந்தது. கதைசொல்லியை நம்பலாகாது என்பது நாவலாசிரியர் கையாளும் உத்தி. நாவலைப் படிப்பவன் ஏமாந்தால் ‘அவன் பொய் சொன்னான்’ என்பான். இங்கோ அந்தப் பொய்யைத் தன் கண்ணாலேயே கண்டவன் ஆடுவோன், யாரை நோவான்? 2012இல் வந்த இதன் இரண்டாம் பாகம் பல முடிவுகளை உடையது. அதிற் பாத்திரமாக்கப்பட்ட பனாமாவின் முன்னாள் ஆட்சியாளர் நொரியேகா, 2014இல் சிறையிலிருந்தவாறே வழக்குத் தொடுத்துத் தோற்றார். தாம் பாத்திரமானதற்காக வழக்காடும் வாய்ப்பு நம் காவியத்து மன்னர்க்கு இல்லாதது புலவர் செய்த நல்வினை.

இனி, பெருவழக்குக்கு வருவோம். உலகெங்கும் ஆடுவோரிற் பலர் முதன்மை தருவது 2007இல் வந்த ‘மொடேர்ன் வோர்ஃபெயார்’ கதைக்கே. தகுதியுடையதே. தொடக்கத்தில் நாம் நாடொன்றின் கவிழ்க்கப்பட்ட தலைவனின் கண்களால் உலகைக் காண்கின்றோம். வண்டியில் ஏற்றித் தெருக்களூடே கொண்டு செல்கின்றனர். தலையைத் திருப்பலாம், வேறொன்றும் செய்ய இயலாது. இறுதியில் நம்மையே சுடுகின்றனர். நடுவே ஜாக்சன் என்னும் அமெரிக்க வீரனாய் இருக்கும்போது அணுகுண்டு வெடிக்கின்றது. வீழ்ந்த ஹெலிகொப்ரரினின்று தவழ்ந்து வெளியேறுகின்றோம், பத்துப் பன்னிரண்டு அடி நடக்கின்றோம், இறக்கின்றோம். திறமையால் தப்ப வழியில்லை. 1986இல் அணுவுலை விபத்தால் மாந்தரற்றுப்போன பிறிப்பியற் நகரிலே, புல்லோடு புல்லாய் ஊர்ந்து செல்லும் பகுதி மௌனத்தின் அழகு.

இக்கதையை யான் இரண்டாம் இடத்தில் வைத்தேன். காரணம் கூறுதல் கடன். அதில் ஒரு காட்சியில் ஆடுவோன் வானத்திலே வட்டமிடும் பெரிய போர் விமானத்தில் அமர்ந்திருப்பான். கீழுள்ள ஊர் கருமையாகத் தோன்றும். மனிதர் வெண்புள்ளிகளாய் ஓடுவர். உடனிருப்போர் பதற்றமற்ற குரலில் இலக்குக் கூறுவர். தேவாலயத்தைச் சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும். அதனைத் தவிர்த்து எதனையும் சுடலாம். மகன் அதனை மிக நேர்த்தியாக ஆடினான். யான் எழுந்து கிணற்றடிக்குச் சென்று முகங்கழுவி வந்தேன். அவ்விமானத்திற்குக் கீழே, பதுங்குகுழியிற் கிடந்து வானோசையைக் கேட்டவருள் யானும் ஒருவன். வெண்புள்ளிகளுக்குப் பெயர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அக்காட்சியை அமைத்தோர் கொடுமையைக் கொடுமையாகவே காட்ட எண்ணினர் என்று மகனின் நண்பன் வாதிட்டான். அவன் சொல்வது சரியாயிருக்கலாம். ஆயினும் அவ்விடத்தில் யான் நடுவன் அல்லேன்.

2009இல் வந்த இதன் இரண்டாம் பாகத்தில் மொஸ்கோ விமான நிலையத்திற் பொதுமக்களைச் சுட்டுக் கொல்லும் பகுதியொன்று உண்டு. விரும்பாதோர் தாண்டிச் செல்லலாம் எனத் தொடக்கத்திலேயே கேட்பர். ரஷ்யாவில் விற்ற பதிப்பிலே அப்பகுதி நீக்கப்பட்டது. ‘இரண்டாவதுதான் திறம்’ என்றவன் இதனைத் துணிவு என்றான். தாண்டிச் செல்லும் வாயிலையும் வைத்துவிட்டுத் துணிவென்பது எங்ஙனம்? அதனை வரிசையில் ஆறாவதாக்கினேன். 2019இல் புதிதாய் வந்த ‘மொடேர்ன் வோர்ஃபெயார்’ இன்னும் கீழே. 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கியோர் மீது அமெரிக்கக் கூட்டுப்படை குண்டுவீசிய சாலைக்கு வழங்கிய பெயரையே தன் கற்பனைச் சாலைக்கும் இட்டு, பழியை மட்டும் ரஷ்யர்மேல் ஏற்றியது அது. கற்பனைக்கு உரிமையுண்டு, பழியை இடம்மாற்ற உரிமையில்லை.

முதலிடம் 2008இல் வந்த ‘வேர்ல்ட் அற் வோர்’ கதைக்கே. மூவரும் ஒருங்கே எதிர்த்தனர். இக்கதையின் பசிபிக் பகுதி சாதாரணமானது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். யான் மதிப்பது சோவியத் பகுதியை. ஸ்டாலின்கிராட்டில் பிணங்களிடையே கிடந்த பெற்றென்கோ என்னும் வீரனாய் எழுந்து, பழிவெறி கொண்ட ரெஸ்னோவைத் தொடர்ந்து பேர்லின்வரை செல்கின்றோம். பிற்காலத்தில் மேசனின் கனவாகும் அதே ரெஸ்னோவ் இவன். கூடவே செர்னோவ் என்னும் மென்மனத்தான் ஒருவன் வருகின்றான். காயமுற்றோரும் சரணடைந்தோருமான ஜெர்மானியர் நம்முன் கிடக்குமிடங்கள் உண்டு. சுடலாம், சுடாதும் விடலாம். ஆட்டம் ஒன்றும் கூறாது. புள்ளி கூட்டாது, குறைக்காது. செர்னோவ் எரிந்து மடிந்தபின், அவனது நாட்குறிப்பை எடுத்து ரெஸ்னோவ் வாசிக்கின்றான். அதில் நம்மைப் பற்றி எழுதப்பட்டிருக்கின்றது. இரங்கினோமாயின் வீரன் என்றும், இரங்காவிடிற் கொடியவன் என்றும். பரணி தோற்றவர் பெயரால் வழங்கும் என்பது இலக்கண மரபு. தோற்றோர்க்கு இவ்வாட்டங்களிற் பெரும்பாலும் பெயரே இல்லை. இந்த ஒன்றிலாவது அவர்களுக்குச் செய்தது ஒரு குறிப்பேட்டில் ஏறியது.

தீர்ப்பைக் கேட்டு நண்பர் இருவரும் மனமின்றியே விடைபெற்றனர். மகன் மட்டும் விறாந்தையிலேயே இருந்தான். சிறிது நேரங்கழித்து, “அப்பா, பதின்மூன்று வயதில நான் முதல்முறை ஆடினபோது அந்தக் கொப்பியில என்னைக் கொடியவன் எண்டுதான் எழுதியிருந்தது” என்றான். பதினேழு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு உரியதன்று என்று உறையிலே பொறித்து விற்கும் பொருளை இவன் பதின்மூன்றில் எங்ஙனம் பெற்றான் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

“பிறகு?”

“அடுத்தமுறை ஒருத்தரையும் சுடேல்லை. ஆனா ஒரு சுரங்கப்பாதைப் படிக்கட்டில நாங்கள் சுடாமல் விட்டால், எங்கட ஆக்களே அவையளை நெருப்பு வைச்சுக் கொல்லுவினம். அந்த இடத்தில சுடுறது இரக்கமோ, சுடாதது இரக்கமோ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை, அப்பா.”

எனக்கும் விளங்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கூறி விறாந்தை விளக்கை அணைத்தேன்.