யார் வேகத்தில் ஓடுவது?
கொல்கத்தாவின் டிசம்பர் ஓட்டத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கைகோத்து ஓடுகிறார்கள். கையைப் பிடித்து இழுப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

மைதானத்தின் மேல் பனிமூட்டம் இன்னும் கலைந்தபாடில்லை. லேசாகக் குளிர்ந்தாலே குரங்குக் குல்லாயைத் தேடும் கொல்கத்தாக்காரர்கள், டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக்கால் சட்டையோடு ரெட் ரோடில் வந்து நிற்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்கள் ஓடிய சாலை இது. ரம்ஜான் தொழுகையும் குடியரசு தின அணிவகுப்பும் நடப்பது இங்கேதான். 2014 முதல் கொல்கத்தா 25 கி.மீ. ஓட்டமும் சேர்ந்துகொண்டது.

கால்பந்தைத் தவிர வேறெதற்கும் இந்த ஊர் விடியலில் எழாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2023 டிசம்பரில் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 விநாடியில் ஓடி முடித்தபோது, 25 கி.மீ. தூரத்துக்கு உலகிலேயே மிகச் சிறந்த நேரம் கொல்கத்தாவில் பதிவானது. 2012-ல் பெர்லினில் டென்னிஸ் கிமெட்டோ எடுத்த நேரத்தைவிட இது 5 விநாடி குறைவு. அதே நாளில் எத்தியோப்பியாவின் சுட்டுமே அசேஃபா கெபெடே பெண்கள் பிரிவிலும் பழைய சாதனையை உடைத்தார்.

ஆனால் கூட்டம் அதிகம் சிரிப்பது 'ஆனந்தா ரன்' பிரிவில்தான். தூரம் சில கி.மீ. மட்டுமே. சேலையை இடுப்பில் செருகிய பெண்கள், வேஷம் கட்டியவர்கள், இவர்களுக்கு நடுவே பிள்ளைகளோடு வந்த அப்பா, அம்மாக்கள். முதல் 200 மீட்டரில் பிள்ளை அம்பாகப் பாய்கிறது. அப்பா "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறார். அடுத்த 500 மீட்டரில் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "இன்னும் கொஞ்சம்தான், வா" என்று இப்போது இழுப்பவர் அப்பா. இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் இடையில்தான் விஷயமே இருக்கிறது.

பிள்ளையின் உடம்பு பெரியவர் உடம்பின் சிறிய நகல் அல்ல. ஒரே வேகத்தில் ஓடினாலும், எடைக்கு எடை பார்த்தால் சிறுவனுக்கு அதிக ஆக்ஸிஜன் செலவாகிறது. கால் குட்டை என்பதால் அதே தூரத்துக்கு அதிக எட்டு வைக்க வேண்டும். நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவ வயது முடியும்வரை மென்மையான குருத்தெலும்புதான். ஓயாத மோதல் அவற்றுக்கு ஆகாது. முழு மாரத்தானுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று பெரிய பந்தயங்கள் பல விதி வைத்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இந்த விதியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே பதில் உண்டு. 2006-ல் புதியா சிங் என்ற நான்கு வயதுப் பையன், புவனேஸ்வருக்கும் புரிக்கும் இடையே 65 கி.மீ. தூரத்தை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான். ஏழைத் தாய் 800 ரூபாய்க்கு அவனை விற்றுவிட்டதாகவும், ஜூடோ பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் மீட்டு வளர்த்ததாகவும் செய்திகள் வந்தன. நாடே கை தட்டியது. மருத்துவர்கள் பரிசோதித்தபோது ஊட்டக்குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அதிகச் சுமை என்று தெரிய வந்தது. அதே ஆண்டில் அவனை புவனேஸ்வரிலிருந்து கொல்கத்தாவுக்கு, சுமார் 500 கி.மீ., நடக்கவைக்கத் திட்டம் போட்டார்கள். ஒரிசா அரசு தடுத்தது. புதியா கொல்கத்தாவுக்கு நடந்து வரவில்லை.

தாஸை வில்லன் என்று சொல்லிவிடுவது சுலபம். தெருவில் நின்ற பையனுக்குச் சோறும் வீடும் கொடுத்தவர் அவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2008-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; அது வேறு விவகாரம். அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்த புதியாவின் பெயர் பிறகு சர்வதேச மாரத்தான்களில் அடிபடவில்லை. அந்த 65 கி.மீ. ஓட்டத்தில் நிறுத்தலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் வயது அவனுக்கு இல்லை.

அமெரிக்காவின் டிக் ஹோய்ட் கதை இதற்கு நேர்மாறு. 1962-ல் பிறந்த மகன் ரிக்குக்கு மூளை முடக்குவாதம். நடக்க, பேச முடியாது. தலை அசைவால் இயங்கும் கணினி வழியே எழுத்து எழுத்தாகச் சொல்வான். 1977-ல், விபத்தில் முடங்கிய ஒரு மாணவனுக்காக நடந்த 5 மைல் ஓட்டத்தில் தானும் கலந்துகொள்ள வேண்டும் என்று ரிக் கேட்டான். பழக்கமே இல்லாத டிக், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்தைய இடம். ஓடும்போது தன் ஊனம் மறந்துபோகிறது என்று அன்றிரவு மகன் சொல்ல, அப்பா அதன் பிறகு நிறுத்தவில்லை. இருவரும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பந்தயங்களை முடித்தார்கள். சிறந்த மாரத்தான் நேரம் 2 மணி 40 நிமிடம் 47 விநாடி. நாற்காலியைத் தள்ளாமல் ஓடுகிற பலருக்கும் எட்டாத நேரம் அது. பாஸ்டன் மாரத்தானில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து ஓடியது 2014-ல். டிக் 2021-லும் ரிக் 2023-லும் காலமானார்கள். இத்தனையும் மகன் கேட்டதால் தொடங்கியது.

மகன் வளர்ந்துவிட்டால் கணக்கே வேறு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடிய அயர்லாந்தின் டாமி ஹியூஸும் மகன் இயோனும் 2019-ல் ஃபிராங்க்ஃபர்ட் மாரத்தானை ஓடினார்கள். இருவர் நேரத்தையும் கூட்டினால் 4 மணி 59 நிமிடம் 22 விநாடி, தந்தை-மகன் ஜோடிக்கு அன்று உலக சாதனை. முதலில் வந்தவர் 59 வயது அப்பாதான்!

எல்லா அப்பாக்களும் ஹியூஸ் அல்ல. கல்லூரிக்குப் பிறகு பேருந்துக்காக மட்டுமே ஓடிய நாற்பது வயதுக்காரர், பிள்ளையின் முன் மானத்தைக் காப்பாற்ற ஒரேயடியாகப் பாய்ந்தால் ஆபத்து பிள்ளைக்கு அல்ல, அவருக்குத்தான். பழக்கமில்லாத கடும் உழைப்பு மாரடைப்பைத் தூண்டக்கூடும் என்பது மருத்துவம் நெடுநாளாகச் சொல்லி வருவது. சில மாதம் முன்பே நடக்கத் தொடங்குவது, ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகத்தைத் தாண்டாமல் இருப்பது: இந்த இரண்டுமே பெரும்பாலோருக்குப் போதும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இடம் தேடவும் வேண்டாம். ரவீந்திர சரோவர் ஏரிக்கரை நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

ரெட் ரோடில் வெயில் ஏறிவிட்டது. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். களைத்துப்போய் அல்ல, பின்னால் மூச்சு வாங்க நடந்து வரும் அம்மாவுக்காக.