மலைவீட்டுச் சமையலறை: அலமாரிக்கு முன் காற்று

கொடைக்கானலில் எரிவாயு அடுப்பைச் சுற்றி அலமாரி அமைக்க விரும்புவோர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியவை, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் காற்றும், அந்தக் காற்று சுமந்துவரும் ஈரமுமே ஆகும்; பலகையின் நிறமும் கைப்பிடியின் அழகும் அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். மதுரையிலோ கோவையிலோ காட்சிக்கூடத்தில் பார்த்த மாடுலர் கிச்சனை அப்படியே மலைக்கு ஏற்றினால், சமவெளியில் நன்றாக உழைக்கும் அதே அமைப்பு பழனி மலையின் குளிரிலும் மூடுபனியிலும் விரைவில் உப்பிப் போகிறது.

இதற்குக் காரணம் மழை மட்டுமன்று, அடுப்பும்தான். எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான நீர் உண்டாகும் என்பது வேதியியல் கணக்கு, அதன்படி 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள், உலையிலிருந்தும் குழம்பிலிருந்தும் எழும் ஆவி நீங்கலாகவே, 20 லிட்டருக்கு மேற்பட்ட நீர் கண்ணுக்குத் தெரியாமல் அறைக்காற்றில் கலந்துவிடுகிறது. சென்னையில் திறந்த சன்னல் வழியே போய்விடும் இந்த ஆவி, குளிருக்காகச் சன்னலைச் சாத்திய மலைவீட்டில், சில்லிட்ட வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் முதுகுப் பலகையில் துளித்துளியாகப் படிகிறது. அங்கே பூஞ்சை பிடிக்கிறது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஓரம் பருத்து, கீலின் திருகைப் பிடித்து நிற்க முடியாமல் விட்டுவிடுகிறது. ஆகவே விலை கூடுதலானாலும், கொதிநீரிலும் பசை விடாத ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட்டையே இங்கு வாங்க வேண்டும். அறுத்த ஓரங்களையும் குழாய்க்காக இட்ட துளைகளையும் ஈரம் புகாதபடி அடைத்து, வெளிச்சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இரு விரற்கடை இடைவெளி விடுவதும் அவசியம்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலையூர்களின் பழைய அடுப்பங்கரைகளில் விறகின் சூடும் புகையும் மேலே பரணை உலர்வாக வைத்திருந்தன. மலைப்பூண்டைப் புகையில் காத்துவைக்கும் வழக்கமும் அந்தச் சூழலைச் சேர்ந்ததே. பெண்களின் நுரையீரலைப் பாழாக்கிய அப்புகை ஒழிந்தது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்று அடுப்பு தானாகச் செய்த உலர்த்தும் வேலையை இன்று காற்றோட்டமே செய்ய வேண்டியிருக்கிறது.

சிலிண்டர் வைக்கும் அறையில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் மேலெழாமல் தரையோடு தேங்கி நிற்கும். எனவே அந்த அலமாரியின் அடியிலும் மேலும் காற்றுத் திறப்புகள் இருக்க வேண்டும். மின் சுவிட்சோ பிளக்கோ அதனுள் இருக்கலாகாது. ரப்பர் டியூப் 1.5 மீட்டருக்கு மிகாமல், முழு நீளமும் கண்ணில் படும்படி செல்ல வேண்டும். பியூட்டேன் சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடுவதால், மார்கழி, தை மாதக் குளிரில் தீரும் நிலையிலுள்ள சிலிண்டரின் சுடர் தளர்வது இயல்பு. அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் அடுப்பருகே நகர்த்துவதும் ஆபத்தானவை.

இவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரமாகிறது. அடுப்பும் அவ்வளவு நேரம் எரிகிறது. பர்னருக்கு நேர்மேலே அலமாரி வைக்காமல் அவ்விடத்தைச் சிம்னிக்கு விட்டு, அதன் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். குழாயின்றிக் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை, ஈரத்தையும் அப்படியே திருப்பிவிடும். மேல் அலமாரிக்கு இடம் பிடிக்க வென்டிலேட்டரை மறைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. போதிய காற்றின்றி எரியும் அடுப்பு, நிறமும் மணமும் அற்ற நச்சான கார்பன் மோனாக்சைடை வெளியிடும். சுடர் மஞ்சளாவதும் பாத்திரத்தின் அடி கரியாவதும் அதற்கான எச்சரிக்கைகள்.

ஏற்கெனவே அலமாரி அமைத்துவிட்டோர், சிலிண்டர் அறைக் கதவின் அடிப்பகுதியில் திறப்பு உண்டா என்று இன்றே பார்த்து, இல்லையெனில் சிலிண்டரை அகற்றி வைத்துவிட்டு ஆசாரியைக் கொண்டு அமைத்துக்கொள்ள வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906.