உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு விலை கொடுத்தது யார்?

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கூகுளில் தேடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரம் என்ற சிறு குறிப்போடு ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் ஒற்றைப் பக்கம் ஒன்று திறக்கும். "கனடா மாணவர் விசா: இலவச வழிகாட்டி" என்பதுபோல ஒரு தலைப்பு, பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டு கட்டங்கள், கீழே ஒரு பெரிய பொத்தான். அந்தப் பக்கத்திலிருந்து வேறெங்கும் செல்ல இணைப்புகள் இருக்காது.

அது தற்செயலாக அப்படி அமைவதில்லை. விளம்பரத் துறையினர் இதை லாண்டிங் பேஜ் என்பார்கள். வழமையான இணையத்தளத்தின் முகப்புக்கு ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வந்தவரை ஒரே ஒரு காரியத்தைச் செய்யவைப்பதற்காகத்தான் மற்ற இணைப்புகள் அகற்றப்படுகின்றன. நீங்கள் தேடிய சொற்களே தலைப்பில் இருப்பதும் அதனால்தான். "நான் தேடியது இங்கேதான் இருக்கிறது" என்ற எண்ணம் சில விநாடிகளில் வந்துவிட வேண்டும்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் பணக் கணக்கு இருக்கிறது. கூகுள் தன் விளம்பரச் சேவையை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று ஒவ்வொரு தேடலின்போதும் நொடிப்பொழுதில் ஓர் ஏலம் நடக்கிறது. கூடிய தொகை கேட்பவருக்கே முதலிடம் என்றில்லை. கேட்ட தொகையோடு விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, மக்கள் அதை அழுத்தும் வாய்ப்பு எவ்வளவு, போய்ச் சேரும் பக்கம் எவ்வளவு பயனுள்ளது என்பவையும் பார்க்கப்படுகின்றன. பொதுவாக, விளம்பரத்தை ஒருவர் அழுத்தினால் மட்டுமே விளம்பரதாரர் பணம் கட்டுகிறார்.

ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு அழுத்தத்துக்கு 50 ரூபாய். நூறு பேர் வந்தால் 5,000 ரூபாய். அவர்களில் பத்துப் பேர் படிவத்தை நிரப்பினால் ஒரு முகவரி 500 ரூபாய்க்கு வாங்கப்பட்டிருக்கிறது. இருபது முகவரிகளுக்கு ஒருவர்தான் கடைசியில் வாடிக்கையாளராகிறார் என்றால், அந்த ஒருவருக்காக 10,000 ரூபாய் செலவாகியிருக்கும். அந்தப் பணத்தை யாரோ ஒருவரிடமிருந்து திரும்ப எடுத்தாக வேண்டும். "இலவச" வழிகாட்டி என்ற சொல்லை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. விளம்பரத்தை அழுத்தும்போது இணைப்பின் வாலில் நீளமான ஓர் அடையாளக் குறி ஒட்டிக்கொள்ளும். எந்தத் தேடற்சொல்லுக்காக அந்த விளம்பரம் காட்டப்பட்டது என்பதையும் விளம்பரதாரர் விரும்பினால் அதில் சேர்க்கலாம். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களை வைத்து இவற்றையும் உங்கள் மின்னஞ்சலோடு சேமிக்க முடியும். "விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது" போன்ற சொற்களுக்கான விளம்பரத்தின் ஊடாக வந்தவர், தன் முகவரியோடு தன் கவலையையும் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த நாள் வரும் மின்னஞ்சல் அந்தக் கவலையைச் சரியாகத் தொட்டுப் பேசினால் வியப்படைய எதுவுமில்லை.

அந்த முகவரியின் பயன் அத்தோடு முடிவதுமில்லை. தகுதியுள்ள விளம்பரதாரர் தன் முகவரிப் பட்டியலைக் கூகுளில் ஏற்றி, அதிலுள்ளவர்களுக்கே மறுபடி விளம்பரம் காட்டலாம். 2015 முதல் இந்த வசதி இருக்கிறது.

இந்த முறையே மோசடி என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆங்கில வகுப்பு நடத்தும் ஒருவருக்கு, முகநூலின் தயவில் இல்லாமல் தன் மாணவர்களோடு நேரடியாகப் பேச ஒரு மின்னஞ்சல் பட்டியல் உண்மையிலேயே உதவும். வேறுபாடு, படிவத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான். வழிகாட்டியைக் கேட்டவருக்கு வழிகாட்டியோடு வாராந்த விற்பனைக் கடிதமும் வரும் என்றால், பொத்தானுக்கு அருகிலேயே அதை எழுத வேண்டும். ஏற்கனவே சரி அடையாளம் இடப்பட்ட கட்டம் சம்மதம் ஆகாது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நல்ல நிறுவனங்கள் முதலில் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவரை மட்டுமே பட்டியலில் சேர்க்கின்றன. பட்டியல் சிறுக்கும், ஆனால் அதில் இருப்பவர்கள் உண்மையில் வாசிக்க விரும்புகிறவர்கள்.

நேர்மையில் அக்கறை இல்லாதவரும் இதைக் கவனித்தாக வேண்டிய நிலை வந்துவிட்டது. 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் ஒரே அழுத்தத்தில் விலகும் வழியைத் தர வேண்டும். குப்பை அஞ்சல் என்ற முறைப்பாடுகள் 0.3 சதவீதத்தைத் தொடவும் கூடாது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விடயத்தைத் தொடுகிறது. விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும், கட்டணமின்றி விலகும் வழியும் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்போது, அதன் இழப்பு படிவம் நிரப்புகிறவரின் தலையில்தான் விழுகிறது.

அதுவரை செய்யக்கூடியவை சில. விளம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், சரிபார்க்கப்பட்ட விளம்பரதாரராயின் அவரது பெயரும் நாடும் தெரியும். அந்தப் பெயரும் பக்கத்திலுள்ள நிறுவனத்தின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். தனியுரிமைக் கொள்கையோ முகவரியோ இல்லாத பக்கத்தில் எதையும் நிரப்ப வேண்டாம். கடவுச்சீட்டு இலக்கத்தை முதல் படிவத்திலேயே கேட்டால் உடனே மூடிவிடுங்கள். ஒரு வழிகாட்டியை அனுப்ப அந்த இலக்கம் எதற்கு?

வெளிநாட்டு வேலை என்றால் முகவர் நிலையத்துக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அந்த இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்திடம் சரிபார்க்கலாம். கனடாக் குடிவரவு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க அந்நாட்டில் அனுமதி பெற்ற ஆலோசகர்கள், சட்டத்தரணிகள் போன்ற குறிப்பிட்ட தரப்பினருக்கே உரிமை உண்டு. ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். மாணவர் விசாவுக்குத் தேவையான ஆவணங்களின் பட்டியல் கனடா அரசின் தளத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்க மின்னஞ்சல் முகவரி கொடுக்கத் தேவையில்லை.